களப்பெயரும் பதிவாளரும்: தெரிந்து தெளிதல்



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுக் காலம் இடையறாது இயங்குவது எளிய செயலன்று. உரைகள், கட்டுரைகள், கவியரங்கப் பாடல்கள், ஒலிப்பதிவுகள் எனப் பத்தாண்டில் சேர்வது ஒரு சிறு கருவூலமாகும். அதனை இணையத்தில் ஏற்றிவைக்க வேண்டும் என்னும் வேட்கை இன்று அமைப்புகள் பலவற்றில் எழுந்துள்ளது. பக்கத்தின் வண்ணம் யாது, எழுத்துரு யாது என்பன குறித்து நெடுநேரம் ஆராய்கின்றனர். ஆனால் அக்கருவூலத்தின் வாயிலில் பொறிக்கப்படும் பெயரை யாரிடம் பதிவு செய்வது என்பதோ கண்ணில்பட்ட முதல் விளம்பரத்தைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. பின்னாளில் வருந்தச் செய்வது அந்த ஐந்து நிமிடமே.

பெயரின் வரலாறு

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதரோ பெயரால் அறிகின்றனர். இவ்விரண்டையும் இணைக்கும் முறையைப் பால் மொக்காபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1983இல் வகுத்தார். 'டொமைன்' என வழங்கும் களப்பெயர்கள் இம்முறையின் வழிப் பிறந்தவை. 'டாட் காம்' குடும்பத்தின் முதற்பெயர் 1985 மார்ச் 15ஆம் நாள் பதிவாயிற்று. தொடக்கத்தில் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 1995 செப்டம்பரில் ஈராண்டுக்கு 100 டாலர் என்னும் கட்டணம் வந்தது. அக்காலத்தில் இப்பெயர்களைப் பதிவு செய்யும் உரிமை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்னும் ஒரே நிறுவனத்திடம் இருந்தது. 1998இல் ஐகான் என்னும் பொது அமைப்பு தோன்றியது; 1999இல் வேறு நிறுவனங்களும் அவ்வுரிமையைப் பெற்றன. அதன் பின்னரே 'யாரிடம் பதிவு செய்வது?' என்னும் வினா பிறந்தது.

இவ்வமைப்பில் மூன்று நிலையினர் உளர். ஒரு குடும்பத்துப் பெயர்கள் அனைத்திற்கும் மூலப்பதிவேட்டை வைத்திருப்பது பதிவகம். 'டாட் காம்' பெயர்களுக்கு அது வெரிசைன் நிறுவனம். பதிவகத்திற்கும் மக்களுக்கும் இடைநின்று பெயரை வழங்குவோர் பதிவாளர்கள். பெயரைக் கொள்வோர் மூன்றாம் நிலையினர். இங்கு ஒன்றை மறத்தலாகாது. களப்பெயர் விலைக்கு வாங்கும் மனையன்று. அது குத்தகை நிலம். ஒரே நேரத்தில் அதிகமாகப் பத்தாண்டுக்கே பதிவு செய்ய இயலும். குத்தகை முடியுமுன் புதுப்பிக்கத் தவறினால் நிலம் கைவிட்டுப் போகும்.

விலையின் மெய்ம்மை

'ஓராண்டுக்கு ஒரு டாலர்' என்பன போன்ற விளம்பரங்களை நம்புமுன் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். ஒரு 'டாட் காம்' பெயருக்காகப் பதிவாளர் பதிவகத்திற்குச் செலுத்த வேண்டிய ஆண்டுத்தொகை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்ந்தது. பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடின்றிப் பதிவாளர் அனைவரும் இத்தொகையைச் செலுத்தியாக வேண்டும். பத்து டாலருக்குக் கொண்டதை ஒரு டாலருக்கு விற்பவர் எஞ்சிய ஒன்பது டாலரை எங்கேனும் ஈட்டியாக வேண்டுமல்லவா? இரண்டாம் ஆண்டின் புதுப்பித்தல் கட்டணத்திலோ, வேண்டாத துணைச்சேவைகளிலோ அது வட்டியோடு திரும்பும்.

எடுத்துக்காட்டாக, முதலாண்டில் ஒரு டாலரும் பின்னர் ஆண்டுதோறும் 22 டாலரும் பெறுபவரிடம் பத்தாண்டுச் செலவு 199 டாலர். ஆண்டுதோறும் ஒரே சீராக 12 டாலர் பெறுபவரிடம் அது 120 டாலரே. ஆகவே முதலாண்டின் விலை விலையன்று. பத்தாண்டின் விலையே விலை. பதிவகத் தொகையை ஒட்டிய, ஆண்டுதோறும் பெரிதும் மாறாத கட்டணமே நேர்மையான கட்டணம் எனக் கொள்ளலாம்.

மூன்று படிப்பினைகள்

விலை மட்டும் போதாது என்பதை மூன்று நிகழ்ச்சிகள் விளக்கும்.

1994இல் கேரி கிரெமன் என்பவர் பதிவு செய்திருந்த பெருமதிப்புடைய பெயரொன்று 1995இல் ஒரு பொய்க்கடிதத்தின் வழியே வேறொருவர் கைக்கு மாறியது. கடிதம் மெய்யா என உரியவரைக் கேளாமலே பதிவு நிறுவனம் பெயரை மாற்றிக் கொடுத்தது. 2000இல் நீதிமன்ற ஆணையால்தான் அப்பெயர் மீண்டது. களப்பெயரும் சட்டத்தின் காப்புக்குரிய உடைமையே என்றும், அதனைத் தவறாக மாற்றிக் கொடுத்த நிறுவனம் பொறுப்பேற்க நேரிடலாம் என்றும் 2003இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

1999ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளையொட்டி, மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் ஹாட்மெயில் சேவைக்கு இன்றியமையாத பெயரொன்றைப் புதுப்பிக்க மறந்தது. பயனாளர் பலர் தம் மின்னஞ்சலுக்குள் நுழைய இயலாது தவித்தனர். நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு நிரலாளர் தம் கையிலிருந்து 35 டாலர் செலுத்திப் பெயரைப் புதுப்பித்த பின்னரே நிலைமை சீர்பட்டது. செல்வத்தில் குறைவில்லா நிறுவனத்திற்கே மறதி இத்தகைய இடரைத் தருமாயின், தன்னார்வத்தால் இயங்கும் சிற்றமைப்பின் நிலை கூறவேண்டா.

மூன்றாவது நிகழ்ச்சி பதிவாளரே வீழ்ந்தது. ரெஜிஸ்டர்ஃபிளை என்னும் அமெரிக்க நிறுவனம் உரிமையாளரிடை எழுந்த பூசலால் சீர்குலைந்தது. புதுப்பிக்கப் பணம் செலுத்தியவர்களின் பெயர்களும் காலாவதியாயின. முறையீடுகளுக்கு மறுமொழி இல்லை. 2007இல் ஐகான் அந்நிறுவனத்தின் ஏற்பை நீக்கிப் பெயர்களை வேறொரு பதிவாளரிடம் மாற்றியது. பதிவாளர்கள் தம் பதிவேட்டின் படியை மூன்றாமவரிடம் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு அதன் பின்னரே நடைமுறைக்கு வந்தது.

தெரிதற்குரிய அளவுகோல்கள்

இவற்றிலிருந்து சில அளவுகோல்களை வகுக்கலாம். முதலாவது, ஏற்பு. ஐகானின் பதிவாளர் பட்டியலில் அந்நிறுவனம் உள்ளதா, அன்றி வேறொருவரின் மறுவிற்பனையாளர்தானா என்பதைக் காணவேண்டும். நாட்டுப் பெயர்களுக்கு அந்தந்த நாட்டின் பதிவகமே விதி வகுக்கும். 'டாட் இன்' பெயர்களுக்கு நிக்ஸி எனப்படும் இந்திய அமைப்பு ஏற்பளித்த பதிவாளரையே நாடவேண்டும். தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்களும் இன்று உண்டு. இணையத்தின் மூலப்பட்டியலில் '.இலங்கை' 2010இலும், '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகியன 2011இலும் இடம்பெற்றன. இவற்றை எல்லாப் பதிவாளரும் வழங்குவதில்லை.

இரண்டாவது, காவல். பெயர் தானே இடம்பெயராதவாறு பூட்டும் வசதியும், கடவுச்சொல்லோடு கைப்பேசிவழி இரண்டாம் உறுதிப்பாடும் இருத்தல் வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை தரும் மனிதர் ஒருவரேனும் அங்கு உளரா என்பதைப் பணம் செலுத்துமுன் கடிதம் எழுதியே அறிந்துகொள்ளலாம்.

மூன்றாவதும் தலையாயதும், விட்டு நீங்கும் உரிமை. பதிவு செய்த முதற்சில வாரங்கள் கழிந்தபின், 'டாட் காம்' போன்ற பெயர்களை வேறு பதிவாளரிடம் கொண்டுசெல்லலாம். அதற்குரிய மறைகுறியைக் கேட்ட 5 நாள்களுக்குள் பதிவாளர் தரவேண்டும் என்பது ஐகான் விதி. மாற்றும்போது செலுத்தும் கட்டணமும் வீணாவதில்லை. குத்தகையில் ஓராண்டு கூடும். வருவோரை வரவேற்காத கடை இல்லை. செல்வோரைத் தடையின்றி விடும் கடையே நம்பத்தக்கது.

யார் பெயரில் பெயர்?

திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்னும் 51ஆம் அதிகாரத்தை அடுத்து நிற்பது 'தெரிந்து வினையாடல்'. ஆளைத் தேர்வதோடு கடமை முடிவதில்லை. வினையை எவ்வாறு ஒப்படைப்பது என்பதும் ஆராயப்பட வேண்டும் என்பதை அவ்வைப்பு முறையே உணர்த்துகிறது. எத்துணை நல்ல பதிவாளரைத் தேர்ந்தாலும் பெயர் அமைப்பின் பெயரில் இல்லையாயின் பயனில்லை.

அமைப்புகளில் நிகழக்கூடியது இது. ஆர்வமிக்க இளைஞர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலைக் கொண்டு பெயரைப் பதிவு செய்கிறார். பணியின் பொருட்டு அவர் வெளிநாடு செல்கிறார். பழைய மின்னஞ்சலைத் திறப்பதில்லை. ஏறத்தாழ ஒரு திங்களுக்கு முன்னும், ஒரு வாரத்திற்கு முன்னும், காலம் முடிந்த 5 நாள்களுக்குள்ளும் பதிவாளர் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்று மடல்களும் யாரும் திறவாத பெட்டியில் கிடக்கும். காலம் கடந்தபின் பதிவாளர் அதிகமாக 45 நாள் பொறுக்கலாம், பொறுக்காமலும் நீக்கலாம். நீக்கிய பின் மீட்க 30 நாள் உண்டு. அதற்கோ வழக்கமான கட்டணத்தைப் போலப் பன்மடங்கு கேட்பர். மேலும் 5 நாள் கழியின் பெயர் பொதுச்சந்தைக்கு வந்துவிடும்.

அதனை எடுத்துக்கொள்பவர் சூதாட்ட விளம்பரம் வைக்கலாம். அமைப்பின் நூல்களில் அச்சிட்ட முகவரியும், ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் மாணவர் குறித்த முகவரியும் அவ்விளம்பரத்திற்கே வழிகாட்டும். அச்சேறியதைத் திரும்பப் பெற இயலுமா?

ஆகவே பதிவு அமைப்பின் பெயரில் இருக்கட்டும். மின்னஞ்சல் பொறுப்பாளர் மூவர்க்கேனும் பொதுவாக இருக்கட்டும். அம்மின்னஞ்சல் அதே களப்பெயரைச் சார்ந்திராமல் இருக்கட்டும்; பெயர் போனால் மடலும் போகுமன்றோ? கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரையிட்டுப் பொருளாளர் காக்கட்டும்.

நம் முன்னோர் நூல்கள் ஓலையில் தாமே வாழ்ந்தவையல்ல. ஓலை செல்லரிக்குமுன் படியெடுத்தோர் இருந்தமையால் வாழ்ந்தவை. ஆண்டுதோறும் பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கப்படும்போது, களப்பெயரின் பதிவாளர் யார், குத்தகை எந்நாளில் முடிகிறது என்னும் ஒரு வரியும் சேர்த்து வாசிக்கப்படுமாயின், இவ்வட்டத்தின் பத்தாண்டு உழைப்பு இருபதாம் ஆண்டு விழாவிலும் அதே முகவரியில் கிடைக்கும்.