விடுதி மாணவரும் வீட்டுக் கணக்கும்

(புதுமுக மாணவர்களின் பெற்றோரும் கல்வி நிலைய அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, நம் நாட்டில் உயர்கல்வி பயில்வோர் ஏறத்தாழ 4.33 கோடிப் பேர். இவர்களுள் மிகப் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள். இத்தகைய இல்லங்களில், "பணம் அனுப்புவது நம் கடமை, படிப்பைப் பற்றிக் கேட்க நமக்கென்ன தெரியும்?" என்று பெற்றோர் ஒதுங்கிவிடுகின்றனர். முன்னாளில் மணியார்டர் படிவத்தின் அடியில் இரண்டு வரி எழுத இடம் இருந்தது. இன்று பணம் நொடியில் போய்ச் சேர்கிறது. அந்த இரண்டு வரிகள்தாம் காணாமற்போயின.

பணத்தையே எடுத்துக்கொள்வோம். கல்விக் கடன் பெற்றதைச் சிலர் பிள்ளையிடம் அறவே மறைக்கின்றனர். வேறு சிலர் ஒவ்வொரு தொலைபேசி உரையாடலிலும் அதனை நினைவூட்டுகின்றனர். பின்னது அன்பின் பெயரால் செய்யப்படும் கொடுமை என்பது என் கருத்து. 2001ஆம் ஆண்டு முதல் வங்கிகள் பின்பற்றிவரும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் மாணவரே கடனாளி. பெற்றோர் கூட்டுக் கடனாளி. ஆகவே மறைப்பதற்கு இடமில்லை. இத்திட்டத்தின்படி, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்த பிறகே தவணை தொடங்கும். அதுவரை தனிவட்டி மட்டுமே சேரும். திருப்பிச் செலுத்தப் பதினைந்து ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. இவ்விவரங்களை விடுமுறையில் ஒருநாள் பிள்ளையுடன் அமர்ந்து, வீட்டு வரவு செலவோடு சேர்த்துக் கணக்கிட்டுக் காட்டுங்கள். அளவு தெரிந்த சுமையைத் தாங்குவது எளிது. அதன்பின் தொலைபேசியில் கடனைப் பற்றிப் பேசவேண்டியதில்லை.

தேர்வில் தவறிய செய்தி வீட்டுக்கு மிகத் தாமதமாகவே வருகிறது. வீடு என்ன சொல்லுமோ என்ற அச்சமே இதற்குப் பெரிதும் காரணம். தேசியக் குற்ற ஆவணப் பிரிவின் பதிவுப்படி, 2022இல் தம் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். எல்லா நிகழ்வுகளுக்கும் தேர்வே காரணமன்று. எனினும் இவ்வெண்ணைப் படித்தபின் மதிப்பெண்ணை முதற் கேள்வியாக வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. "உன் அறையில் உடன் இருப்பவர் யார்? உணவு எப்படி?" என்று கேட்கப் பட்டம் தேவையில்லை. உறக்கமின்மை, பேச்சுக் குறைதல் ஆகியவை தென்பட்டால், 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் பெற்றோரே பேசி ஆலோசனை பெறலாம். எந்நேரமும், பல இந்திய மொழிகளிலும் கிடைக்கும்.

படிப்பு இடையில் நின்றால் யாவும் வீண் என்பதும் இன்று உண்மையன்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் பின்பற்றும் நிலையங்களில், இளநிலைப் படிப்பில் ஓராண்டு முடித்தவர் சான்றிதழும் ஈராண்டு முடித்தவர் பட்டயமும் பெற வழியுண்டு. பின்னர்த் திரும்பிவந்து தொடரவும் இயலும். இதனைப் பெற்றோர் அறிந்திருந்தால் மாணவர் உண்மையைச் சொல்லத் துணிவார்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகைப் பதிவு குறைந்த பின்னர், பெற்றோர் படிக்கவியலாத ஆங்கிலத்தில், அவர்களுக்குச் செல்லும் கடிதமே பல நிலையங்களின் முதற் கடிதமாக இருக்கிறது. முதல் வாரத்திலேயே, அவரவர் மொழியில், விடுதிக் காப்பாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தாங்கி ஒரு கடிதம் செல்லட்டும். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை.