கொண்டைப் பணியாரத்துக்குக் கொண்டை வந்த கதை

(சித்திரை வருசப் பிறப்பை முன்னிட்டு பூண்டுலோயாவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏப்ரல் நடுப்பகுதி வந்தால் நமக்கும் சிங்களச் சகோதரர்களுக்கும் ஒரே வருசப் பிறப்பு. நாம் முறுக்கும் அதிரசமும் சுடுவோம். அவர்கள் கொண்ட கெவும் சுடுவார்கள். நம்ம லயங்களிலும் அதைக் கொண்டைப் பணியாரம் என்று சுடுகிறோம். அதற்குக் கொண்டை எப்படி வந்தது? ஒரு கதை சொல்றேன். ஏட்டில் தேடாதீங்க, நான் கட்டிய கதைதான்.

முந்தி ஒரு காலத்தில் பணியாரத்துக்கு மொட்டைத் தலையாம். ஒருநாள் பிரட்டுக்குப் போன கங்காணி, வாசத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாராம். அவர் குடுமியைக் கண்ட பணியாரம், "ஐயாவுக்கு இருக்கு, எனக்கு இல்லையா?" என்று எண்ணெய்க்குள்ளேயே அழுததாம். சுட்ட ஆத்தா மனமிரங்கி, ஈர்க்கால் நடுவில் குத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து, கொண்டை முடிந்துவிட்டாளாம். பணியாரமும் ஒரு சட்டம் போட்டதாம்: "சின்னப் பிள்ளை கிட்ட வந்தால் வெட்கத்தில் கொண்டையை அவிழ்த்துப்போடுவேன்!" ஆகவே மாமிமாரே, கொண்டை சாய்ந்தால் மருமகளைத் திட்டாதீங்க!

சிரிச்சாச்சு. இனி உண்மைக்கு வருவோம். அரிசி மாவும் கித்துள் பாணியும் கலந்த மாவைக் கொதிக்கும் எண்ணெயில் ஊற்றி, நடுவில் குச்சியைக் குத்திச் சுழற்றி, மேலே எண்ணெயை அள்ளி ஊற்ற ஊற்றத்தான் மாவு குச்சியைச் சுற்றி எழும்பிக் கொண்டையாகும். அந்த நேரம் தாயின் கண்ணும் கையும் சட்டியிலேயே இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஓடிவரும் பிள்ளை தெரியாது. 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில் பிள்ளை விலகி நிற்க இடம் ஏது?

அதனால் பலகாரம் சுடும்போது பிள்ளைகளை இஸ்தோப்பில் ஒரு பெரியவர் பார்த்துக்கொள்ளட்டும். அடுப்பிலிருந்து 3 அடிக்குள் விடவேண்டாம். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்க. உடம்பில் சுட்டுவிட்டால் உடனே குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்க. பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசாதீங்க. சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

கொண்டை சாய்ந்த பணியாரமும் இனிக்கத்தான் செய்யும். பிள்ளையின் மேலில் விழுந்த தழும்பு வருசா வருசம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளை கிட்ட வந்தால் இந்தக் கதையைச் சொல்லி விரட்டுங்க. பொய்க் கதைதான், ஆனாலும் நல்லதுக்கு!

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.