ஈறு வீக்கமும் இரத்த வெள்ளணுக்களும்



பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தால், உடற்சூடு என்று நம்மில் பலர் வாளாவிருந்து விடுகின்றோம். சிலர் அஞ்சித் துலக்குவதையே நிறுத்தி விடுகின்றனர். இரண்டும் தவறு. ஈறுகளினுள்ளே போர் நடைபெறுகின்றது என்பதற்கு அக்கசிவு ஓர் அறிகுறியாகும்.

அப்போரின் வீரர்கள் நமது இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களே. 1882-இல் இத்தாலி நாட்டின் மெஸ்ஸினா நகரில் மெச்னிக்காப் என்னும் அறிஞர், நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் முள்ளைச் செலுத்தி, அதனை அணுக்கள் சூழ்ந்துகொள்ளக் கண்டார். கிருமிகளை இவ்வணுக்கள் விழுங்கி அழிக்கின்றன என்று விளக்கிய அவருக்கு, 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பெற்றது.

பல்லும் ஈறும் சேருமிடத்தில் சிறியதொரு பள்ளம் உண்டு. ஈறு நலமாயிருக்கும் காலத்தும் வெள்ளணுக்கள் சில அங்கே காவல் புரிகின்றன. நாம் துலக்காது விட்டால் கிருமிகள் பற்களின்மேல் பசை போன்ற படலமாகப் பெருகுகின்றன. அப்போது இரத்தக் குழாய்கள் விரிந்து வெள்ளணுக்கள் திரளாக வருகின்றன; ஈறு சிவந்து வீங்குகின்றது. போர் நீடிக்குமாயின், கிருமிகளைக் கொல்ல அவை வெளியிடும் பொருள்களே ஈற்றுத் தசையையும் அரிக்கின்றன. மாட்டை விரட்டச் சென்றவர் பயிரை மிதித்த கதைதான்! சிலருக்கு இவ்வழற்சி ஆழமாகிப் பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகின்றது. கரைந்த எலும்பு தானே வளர்வதில்லை. பல் ஆடி விழுகின்றது.

ஆனால், தொடக்க நிலையில் இந்நோய் முற்றிலும் நீங்கக் கூடியது. டென்மார்க் நாட்டில் லோ என்பவரும் அவர்தம் தோழர்களும் 1965-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 12 பேர் பற்களைத் துலக்காதிருந்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவர் ஈறுகளும் அழற்சியுற்றன. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அவை நலமடைந்தன.

ஆகவே, நாள்தோறும் காலையிலும் இரவிலும் மென்மையான பிரஷ்ஷினால் ஈற்றோரம்வரை துலக்குவோம். ஈற்றைப் புண்ணாக்கும் செங்கற்பொடியையும் மணலையும் விலக்குவோம். புகைபிடித்தல் இரத்தக் கசிவை மறைத்து நோயை முற்றச் செய்யும். நீரிழிவோ வெள்ளணுக்களின் ஆற்றலைக் குறைக்கும். இவ்விரண்டும் உடையோர் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். சில வாரங்கள் செவ்வனே துலக்கிய பின்னரும் கசிவு நில்லாவிடின், பல் மருத்துவரிடம் காட்டுதல் கடமையாகும்.

இரவும் பகலும் நமக்காகப் போரிடும் வெள்ளணுக்களின் சுமையைக் குறைப்பது நமது கையில்தான் உள்ளது.