மனத்தின் நாட்பதிவு



துறைமுகத்தை அண்டி வாழும் எமக்குக் கப்பலின் நாட்பதிவேடு புதியதன்று. காற்றின் திசை, கடலின் நிலை, கப்பல் நின்ற இடம் ஆகியவற்றை மாலுமிகள் அவ்வப்போதே எழுதிவைப்பர். கரை சேர்ந்தபின் நினைவிலிருந்து எழுதலாம் என்று இருப்பதில்லை. மனத்தின் நிலையையோ நாம் நினைவை நம்பியே வைத்தியருக்குச் சொல்லுகிறோம். அது போதுமா என்பதே எமது பேச்சு.

மனச்சோர்வை அறிய உலகெங்கும் வழங்கும் ஒன்பது வினாப் பத்திரம், சென்ற இரண்டு கிழமைகளில் நித்திரை, பசி, ஊக்கம் முதலியன எவ்வாறு இருந்தன என்று கேட்கிறது. பதினான்கு நாட்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பதில் சொல்வார் யார்? 1996இல் றெடெல்மையர், கானமன் என்னும் அறிஞர் இருவர், பெருங்குடற் சோதனைக்கு உட்பட்ட 154 நோயாளரிடம் வலியின் அளவைச் சோதனை நடக்கும்போதே பதிந்தனர். பின்னர் கேட்டபோது, வலியின் உச்சமும் கடைசி நிமிடங்களுமே நினைவை ஆண்டன. வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

மனநோயில் இதன் விளைவு சிறிதன்று. நல்லதொரு காலையில் கிளினிக்குக்குச் செல்பவர், "இப்ப பரவாயில்லை, டொக்டர்" என்பார். பத்து இரவுகள் விழித்துக் கிடந்தது சொல்லப்படாமலே போகும். மருந்தின் அளவை அப்பதிலைக் கொண்டே வைத்தியர் தீர்மானிக்க நேரும். நெடும் போரையும், 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளையும் கண்ட எமது மாவட்டத்தில், உள்ளத்து வேதனையை வாய்விட்டுச் சொல்லாதார் பலரல்லவா?

ஆகவே எழுதிவைத்தல் நன்று. ஆயினும் எழுதும் நேரமே முக்கியம். 2002இல் ஆர்தர் ஸ்டோன் குழுவினர் நீடித்த வலியுடைய 80 பேரை ஆராய்ந்தனர். ஒரு சாராருக்குக் கொப்பியும், மறுசாராருக்குச் சிறு மின்கருவியும் கொடுத்து, நாளுக்கு மூன்று முறை குறிக்கச் சொன்னார்கள். கொப்பி திறக்கப்படும் நேரத்தை மறைவான ஒளியுணரி பதிந்தது. உரிய நேரத்தில் எழுதியதாகக் கொப்பியில் காட்டியது 90 வீதம்; மெய்யாக எழுதியதோ 11 வீதம்! நேரத்தை நினைவூட்டிய கருவியில் 94 வீதம் ஒழுங்காக நடந்தது. கிளினிக்குக்குப் போகும் முதல்நாள் இரவு ஒரேயடியாக நிரப்பும் கொப்பியும் நினைவின் மறுவடிவமே.

இளைஞர்களே, கைத்தொலைபேசியில் மணி வையுங்கள். பெரியோர்களே, நாட்காட்டித் தாளே போதும். எத்தனை மணி நித்திரை, உணவு எப்படி, மனப்பாரம் பத்துக்கு எத்தனை என்று காலையும் மாலையும் குறித்தால் போதும். தவறிய வேளையை வெறுமையாகவே விடுங்கள். அவ்வெறுமையும் வைத்தியருக்கு ஒரு செய்தி. நோயுற்றவரின் கொப்பியை வீட்டார் பறித்துப் பார்க்கலாகாது.

குறிப்பு எழுதுவது எம் கடன். நோயை நிர்ணயிப்பது வைத்தியர் கடன். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தாலோ, கொப்பிக்கும் கிளினிக் நாளுக்கும் காத்திராது உடனே அருகிலுள்ளவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை அழையுங்கள்.

உடற்காய்ச்சலை அளந்து எழுத நாம் வெட்கப்படுவதில்லை. மனக்காய்ச்சலுக்கும் அவ்வழக்கம் எமது வீடுகளில் வரட்டும்.