கதையைப் பற்றிப் பேசுவது எப்படி?

(ஒரு படிப்பக ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கதைகளைப் பற்றியதாகும். கதைக்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கக் கூடும். ஆனால் சென்ற மாதம் இந்தப் படிப்பகத்தில் ஒரு சிறுகதையின் காரணமாக நடந்த சண்டை உங்களுக்குத் தெரிந்ததேயாகும். அக்கதையுள்ள புத்தகத்தை அலமாரியில் வைப்பதா, எடுத்துவிடுவதா என்று இக்கூட்டம் முடிந்ததும் முடிவு செய்யப் போவதாகத் தலைவர் சொன்னார். ஆதலால் அம்முடிவுக்கு முன் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியது நமது கடமையெனக் கருதுகிறோம்.

அக்கதை புதுமைப்பித்தன் 1934-ம் வருஷம் “மணிக்கொடி”யில் எழுதிய “பொன்னகரம்” என்பதாகும். அம்மாளு என்பவள் ஒரு மில் கூலிக்காரி. அவள் புருஷன் முருகேசன் ஜட்கா ஓட்டுபவன், அடிபட்டுப் படுத்துவிட்டான். அவன் பால் கஞ்சி கேட்கிறான். கையில் காசில்லை. அவளை விரும்பிய ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போய், முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். இவ்வளவுதான் கதை.

இதைப் படித்துவிட்டு ஒரு தோழர், “ஆசிரியர் பெண்களை இழிவுபடுத்தி விட்டார்” என்றார். மற்றொருவர், “இது ஊரைக் கெடுக்கும்” என்றார். மூன்றாமவரோ, “கற்பென்னும் பேச்சைத் தாக்கி எழுதியிருப்பதால் இது நம்முடைய கதை, ஆகவே நல்ல கதை” என்றார். இந்த மூவரும் ஒரே கதையைப் பற்றிப் பேசினார்களா என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் பாத்திரத்தைப் பற்றிப் பேசினார். ஒருவர் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசினார். மற்றவர் கருத்தைப் பற்றிப் பேசினார். மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டால் சண்டை தீருவதெப்படி?

வைத்தியரிடம் போனவன், “உடம்பு சரியில்லை” என்று மாத்திரம் சொன்னால் அவர் என்ன செய்வார்? வயிற்றிலா, தலையிலா, எப்பொழுது முதல் என்று சொன்னால்தானே மருந்து? இலக்கியக்காரர்கள் சொல்லும் பெயர்களும் அப்படிப்பட்டவைகளே. அவை பண்டிதர்களின் பரம்பரைச் சொத்தல்ல, மந்திரமும் அல்ல. நோகும் இடத்தைத் தொட்டுக் காட்டுவதற்கான பெயர்களேயாகும்.

முதலாவது, நிகழ்ச்சி வேறு, கதைப் பின்னல் வேறு. புருஷன் படுத்தான், மனைவி சந்துக்குப் போனாள் என்பது நிகழ்ச்சி. புருஷன் படுத்ததனாலும், மில் கூலி வயிற்றுக்கே போதாததனாலும் போனாள் என்பது பின்னல். அதாவது, “பிறகு என்ன?” என்ற கேள்விக்குப் பதில் நிகழ்ச்சி, “ஏன்?” என்ற கேள்விக்குப் பதில் பின்னல். ஊரைக் கெடுக்குமென்ற தோழர் நிகழ்ச்சியைக் கண்டார். “ஏன்” என்பதைக் காணவில்லை.

இரண்டாவது, களம். அதாவது கதை நடக்கும் இடமும் காலமும். சில கதைகளில் களம் நாடகத்தின் பின்னால் தொங்கும் திரை போன்றது. மாற்றிக் கட்டினாலும் கதை கெடாது. இக்கதையிலோ களமே பாதிக் கதை. கூலிக்காரர் சேரியையும் மில்லையும் எடுத்துவிட்டால் அம்மாளுவின் செய்கைக்கு அர்த்தமே இல்லாமற் போகும்.

மூன்றாவது, முரண்நகை. அதாவது சொல் ஒன்று சொல்ல, பொருள் அதற்கு மாறாக நிற்பது. சாக்கடையும் கொசுவும் பசியும் குடியிருக்கும் இடத்துக்குப் “பொன்னகரம்” என்று பெயர் வைத்தது ஆசிரியருக்குக் கண் தெரியாததனாலா? அந்தப் பெயரைப் படித்துவிட்டு உள்ளே நுழைபவன் தானாகவே வெட்கப்பட வேண்டுமென்றுதான்.

நான்காவது, மிக முக்கியமானது: கதை சொல்லுபவன் யார் என்பது. எழுதியவர் வேறு, கதைக்குள் நின்று சொல்லுபவன் வேறு, கதையில் நடமாடும் பாத்திரம் வேறு. இந்த மூவரையும் ஒருவராக்கிக் குழப்பிக் கொள்வதுதான் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணமாகும். 1879-ம் வருஷம் வெளிவந்த “பிரதாப முதலியார் சரித்திர”த்தில் பிரதாப முதலியாரே தம் கதையை “நான், நான்” என்று சொல்லிக்கொண்டு போகிறார். எழுதியவரோ மாயவரத்தில் முன்சீப்பாயிருந்த வேதநாயகம் பிள்ளை. அதனால் ஞானாம்பாளை மணந்தவர் முன்சீப் அவர்களே என்று யாராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா? அங்கே சிரிக்கிற நாம், கதையில் ஒருவன் கெட்ட வார்த்தை பேசினால் மாத்திரம் ஆசிரியரைப் பிடித்து உதைக்கப் போவதேன்?

இந்தக் குழப்பம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் மார்க் ட்வெய்ன் என்பவர் ஹக்கிள்பெரி ஃபின் என்னும் பையனே சொல்லுவதாக ஒரு நாவல் எழுதினார். அது அமெரிக்காவில் 1885-ம் வருஷம் வெளியாயிற்று. அடிமை முறை அந்நாட்டில் 1865-ல் ஒழிந்தது. கதை அதற்கு முந்தின காலத்தது. ஜிம் என்ற அடிமை தப்பியோட, ஹக் அவனோடு படகில் போகிறான். அடிமையைத் தப்பவிடுவது திருட்டு, பாவம் என்று அவனுக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஜிம் இருக்குமிடத்தை எஜமானிக்குத் தெரிவித்து ஒரு கடிதம் எழுதுகிறான். பிறகு ஜிம் தன்னிடம் காட்டிய அன்பை நினைத்து, தான் நரகத்துக்குப் போனாலும் போகட்டுமென்று அக்கடிதத்தைக் கிழித்துவிடுகிறான்.

தோழர்களே! இங்கே பையன் தன்னைப் பாவியென்று மெய்யாகவே நம்புகிறான். எழுதியவரோ அந்தப் “பாவ”த்தைத்தான் மனிதத்தன்மையென்று நமக்குக் காட்டுகிறார். சொல்லுபவனையும் எழுதியவரையும் பிரித்தறியாதவனுக்கு இந்த இடமே விளங்காது. அதே 1885-ல் மாசச்சூசெட்ஸ் மாகாணத்துக் கான்கார்டு ஊர்ப் பொது நூல்நிலையம் இப்புத்தகம் முரட்டுத்தனமானதென்று விலக்கியது. பையன் பேச்சில் முரட்டுத்தனம் இருந்தது வாஸ்தவம். தாயில்லாமல், குடிகாரத் தகப்பனிடம் அடிபட்டு வளர்ந்த பையன் பாதிரியார் போலவா பேசுவான்?

அப்படியானால் ஆசிரியர் எது எழுதினாலும் குற்றமில்லையா என்று கேட்பீர்கள். அதுவல்ல நாம் சொல்வது. அதே நாவலின் கடைசிப் பகுதியில், எஜமானி தன் மரண சாசனத்தில் ஜிம்மை விடுதலை செய்துவிட்டது தெரிந்தும், டாம் என்ற பையன் அதை மறைத்து, ஜிம்மை மீட்பதாக வேடிக்கை விளையாட்டு விளையாடுகிறான். மனிதனுடைய விடுதலையை விகடமாக்கியது பின்னலின் குற்றமென்று படித்தவர்கள் பலர் கண்டித்திருக்கிறார்கள். கறுப்பு மக்களை இழிவாகக் குறிக்கும் சொல் அதில் எண்ணற்ற தடவை வருவதைப் பிற்காலத்தில் அம்மக்களில் பலர் ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபணைகள் இன்ன இடம், இன்ன குற்றம் என்று சுட்டிக் காட்டுபவை. அவற்றுக்குப் பதில் சொல்ல முடியும்; ஒப்புக்கொள்ளவும் முடியும். “புத்தகமே கெட்டது” என்பதற்கோ என்ன பதில் சொல்வது?

கடைசியாக, உட்கருத்து. அது கதையில் யாரோ ஒருவர் செய்யும் பிரசங்கமல்ல. பின்னல், பாத்திரம், களம், சொல்லும் முறை யாவும் சேர்ந்து நம்மிடம் விட்டுப் போகும் எண்ணமாகும். இங்கே நம் மூன்றாவது தோழருக்கும் ஒரு வார்த்தை. கருத்து நமக்குப் பிடித்ததென்பதாலேயே கதை நல்லதாகிவிடாது. அப்படிச் சொல்வோமானால், புராணம் தன் மதத்தைப் புகழ்வதால் அது உயர்ந்த காவியமென்கிற பக்தருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அம்மாளுவின் மனம் போதுமான அளவு காட்டப்பட்டிருக்கிறதா, அல்லது கதை சொல்லுபவனின் கோபம் அவளை மறைத்துவிட்டதா என்று கேளுங்கள். பெண்களை இழிவுபடுத்தியதாகச் சொன்ன தோழரும் இந்தக் கேள்வியைக் கேட்பாரானால் அவர் ஆட்சேபணைக்குப் பலம் உண்டாகும். அதை நாமும் உட்கார்ந்து கேட்போம்.

ஆகவே தோழர்களே, இன்று கை தூக்குமுன் அக்கதையை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கும்படி வேண்டுகிறோம். ஐந்து நிமிஷத்தில் படித்துவிடலாம். சண்டை போட்டவர்களிலும் சிலர் அதைப் பிறர் சொல்லக் கேட்டவர்களேயன்றித் தாங்களே படித்தவர்களல்ல என்று அறிகிறோம். படித்தபின், நிகழ்ச்சியில் குற்றமா, பின்னலிலா, சொல்லும் முறையிலா, கருத்திலா என்று இடம் குறித்துப் பேசுங்கள். அதன்பின் புத்தகத்தை எடுத்துவிடுவதென்று முடிவு செய்தாலும் நமக்கு வருத்தமில்லை; காரணம் தெரிந்து செய்ததாக இருக்கும். நம் அபிப்பிராயம் வைத்திருப்பதே நல்லதென்பது. ஆனால் நாம் சொன்னதற்காக வைக்க வேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டபடி செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.