சலக்கடுப்புக் கிருமியும் புற்றுநோயாளரும்



புற்றுநோய் என்றதும் அந்நோய் ஒன்றையே எண்ணி நாம் அஞ்சுகின்றோம். அதற்குரிய கடுஞ்சிகிச்சையைத் தாங்கிக்கொண்ட ஒருவரைச் சலக்குழாயிற் புகுந்த சாதாரணக் கிருமியொன்று கொண்டுபோய்விடக்கூடும் என்பதை எண்ணுவதில்லை.

சலக்கடுப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது எசரீக்கியா கோலி என்னும் பற்றீரியா. நம் குடலிற் சாதுவாகக் குடியிருப்பதுதான். இடம் மாறினால் உபத்திரவம். சுகதேகிக்குச் சில நாள் மருந்தோடு தீர்ந்துவிடும். புற்றுநோயாளர் நிலை வேறு. அவருக்கு ஏற்றும் மருந்து புற்றுக்கலங்களோடு என்புமச்சையையும் தாக்குவதால், கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் குறைகின்றன. சலம் போகக் குழாய் வைத்திருப்பின், கிருமிகள் அதன்மேற் படலமாய்ப் படிந்துகொள்கின்றன. வெண்கலங்கள் குறைந்தவரின் சலத்திற் சீழ்கூடத் தோன்றாதிருக்கலாம்; காய்ச்சல் ஒன்றே அறிகுறியாகும். கிருமி இரத்தத்திற் கலந்துவிட்டால், முதற் சில மணித்தியாலங்களிற் கொடுக்கும் மருந்தையே உயிர் நம்பியிருக்கிறது. அம்மருந்துக்குக் கிருமி மசியாவிட்டால் என் செய்வது?

மசியாமை புதிதன்று. பெனிசிலின் மருந்தாகப் பரவுமுன்னரே, 1940ஆம் ஆண்டில், ஒக்ஸ்போட்டில் ஏபிரகாம், செயின் என்னும் இருவர் அதனை அழிக்கும் நொதியமொன்றைக் கண்டறிந்து எழுதினர். எந்தக் கிருமியில்? இதே கோலியில்! 1959இல் ஜப்பானிய அறிஞர் இன்னொன்றைக் காட்டினர்: வயிற்றுளைவுக் கிருமி தன் எதிர்ப்புத்தன்மையைக் கோலிக்குக் கைமாற்றிவிடுகிறது. 2008இல், புதுடில்லியிற் சிகிச்சை பெற்றுச் சுவீடனுக்கு மீண்ட ஒருவரின் சலத்தில் இருந்த கிளெப்சியெல்லாக் கிருமி, கடைசி ஆயுதமென வைத்தியர் காத்துவைத்திருந்த காபாபெனம் மருந்துகளையும் அழித்தது. அந்த நொதியத்துக்கு டில்லியின் பெயரைச் சூட்டியதில் இந்தியாவில் மனத்தாங்கல் எழுந்தது. பெயரைப் பற்றிக் கிருமிக்குக் கவலையில்லை. அது நாடு நாடாய்ப் பரவியது.

இதில் நமக்குப் பங்கில்லையென்று சொல்ல முடியுமா? தடிமனுக்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது. ஆயினும் வைத்தியரைக் காணாமலே நாலு குளிசை வாங்குகிறோம். மீதியை அலுமாரியில் வைத்து அயல்வீட்டாருக்கும் தானம் செய்கிறோம். தானத்தில் இதுவும் ஒன்று! அம்மருந்தால் குடலிலுள்ள எளிய கிருமிகள் மடிய, மசியாதவை பெருகுகின்றன. அவை கைவழியாகவும் மலகூடவழியாகவும், அதே வீட்டிற் படுத்திருக்கும் நோயாளியைச் சென்றடைகின்றன.

மருந்தை மறுப்பதும் பிழை. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்குக் காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்றிராது, அந்நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அங்கே தாமதத்துக்கு இடமின்றி, முதல் மருந்துக்கு முன் சலமும் இரத்தமும் எடுப்பர். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது மசியுமென்று அறிய இரண்டு மூன்று நாட் செல்லும். அதுவரை வைத்தியர் அனுமானத்திலேயே மருந்து கொடுக்கிறார். ஆகவே, கடந்த சில மாதங்களில் நோயாளி விழுங்கிய குளிசைகளின் வெற்றுறைகள் வீட்டிலிருந்தால், அவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்தைத் தவிர்ப்பதென்று அவர் தீர்மானிக்க அவை உதவும்.