கசற்றுக்களை வீசலாமா?
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயமும் தமிழும் பேசப்படும் இம் மேடையிலே கணினிக் கோப்புக்களைப் பற்றிப் பேச வந்த என்னைச் சிலர் வியப்போடு நோக்குகிறீர்கள். காரணம் நமது வாசிகசாலை அலுமாரியில் இருக்கிறது. முன்னாளிலே இங்கு நிகழ்ந்த சொற்பொழிவுகளும் புராண படனங்களும் அடங்கிய கசற்றுக்கள் அங்கே நாற்பது உள. அவற்றை எம்.பி.3 ஆக்கிவிட்டுக் கசற்றுக்களை வீசிவிடலாம் என்று சென்ற செயற்குழுவில் ஒரு யோசனை பிறந்தது. அதனை மறுக்கவே வந்துள்ளேன்.

மறுப்பதற்கு எனக்கு உரிமை உண்டு. அத் தவற்றை நானே செய்தவன். என் பேரனார் கோயிலிலே கைத்தாளத்துடன் தேவாரம் பாடிய கசற்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பத்தாம் வகுப்பிற் படிக்கையில் அதனைக் கணினியில் ஏற்றினேன். இடம் மிச்சம் பிடிக்கும் எண்ணத்தால் வினாடிக்கு 32 கிலோபிட் என்னும் மிகக் குறைந்த அளவிலே எம்.பி.3 ஆக்கினேன்; பூஞ்சணம் பிடித்த கசற்றை எறிந்தும் விட்டேன். இன்று அதனைக் கேட்டால் பாட்டு விளங்குகிறது. தாளமோ தண்ணீருக்குள்ளே தட்டியது போலச் சலசலக்கிறது. பேரனாரும் இல்லை, கசற்றும் இல்லை.

இது ஏன் நேர்ந்தது? ஒலி என்பது காற்றின் அதிர்வு. கணினி அவ்வதிர்வை இடைவிடாது அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. 1982இல் விற்பனைக்கு வந்த இசைத் தட்டுக்கு, அஃதாவது சீ.டி.க்கு, சோனியும் பிலிப்ஸும் வகுத்த விதி வினாடிக்கு 44,100 அளவைகள். மனிதச் செவி ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையே கேட்கும். அதனிலும் இருமடங்குக்கு மேலாக அளந்தாற் போதும் என்பது கணிதம். அப்படியாயின் 44,000 என்று முழுத்தொகையாக வைத்திருக்கலாமே? அக்காலத்தில் எண்ணொலியைச் சேமிக்க வீடியோ நாடாவையே பயன்படுத்தினர். ஒரு வரிக்கு 3 அளவைகள். 245 வரி, 60 தரம் என்னும் அமெரிக்க முறையைப் பெருக்கினாலும், 294 வரி, 50 தரம் என்னும் ஐரோப்பிய முறையைப் பெருக்கினாலும் விடை 44,100 தான். பெருக்கிப் பாருங்கள். இரு கண்டங்களின் பிணக்கை ஓர் எண் தீர்த்துவைத்தது!

ஒவ்வோர் அளவையும் 16 பிட், இரு பக்கத்து ஒலி எனக் கணக்கிட்டால் நிமிடத்துக்குப் பத்தரை மெகாபைட் ஆகிறது. இதனைச் சுருக்கவே எம்.பி.3 பிறந்தது. ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வகத்தார் அதிற் பெரும்பங்கு கொண்டனர். 1993இல் அது சர்வதேசத் தராதரமாக வெளிவந்தது. அதன் தந்திரம் செவியின் பலவீனமே. தவில் முழங்கும்பொழுது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேளாதன்றோ? அவ்வாறு மறைபடும் ஒலிகளை எழுதாது விட்டுவிடுகிறது. 128 கிலோபிட்டில் கோப்பு பதினொன்றில் ஒரு பங்காகச் சிறுக்கும். இன்னும் சிறுக்க முனைந்தால் கேட்கும் ஒலியையும் தியாகஞ் செய்ய வேண்டும். முதலிற் பலியாவது தாளம் போன்ற உச்ச ஒலியே. விட்டது விட்டதுதான். அதனை மறுபடி வேறொரு சுருக்கத்துக்கு மாற்றினால் மேலும் சில போகும்.

நான் மேலும் வருந்துவது வேறொன்றுக்கு. ஃபிளாக் என்னும் முறை 2001 முதலே உண்டு. அது ஒரு பிட்டையும் இழவாது, பெரும்பாலும் பாதியளவாகச் சுருக்குவது. எவருக்கும் கூலி கொடுக்கவும் வேண்டா. எனக்கு அது அப்போது தெரியாது.

வீடியோவைப் பற்றி ஒரு சொல். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தை வினாடிக்கு 25 வீதம் சுருக்காது எழுதினால் வினாடிக்கு 155 மெகாபைட்டுக்கு மேலாகும். ஆயினும் தேர் நகர்கிறது; கோபுரம் நகர்வதில்லை. நகராததை மீண்டும் மீண்டும் எழுதாது விடுவதே 2003இல் வந்த எச்.264 முதலிய முறைகளின் உயிர். இங்கே பலரும் மயங்குவது ஒன்றுண்டு. எம்.பி.4, ஏ.வி.ஐ. என்பன பெட்டிகளின் பெயர். உள்ளே இருக்கும் சுருக்கமுறை வேறு. சென்ற திருவிழாப் படம் நமது தொலைக்காட்சியில் ஓடாதபோது, படம் பிடித்த பிள்ளையை எல்லாரும் கடிந்தோம். பெட்டி திறந்தது, உள்ளே இருந்த பாஷைதான் அக் கருவிக்கு விளங்கவில்லை. அவர் மீது பிழையில்லை.

என்னைப் போல மிஷனரிமாரிடம் கற்றவரே சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய அவர் பல ஏடுகளை ஒப்புநோக்கியே திருத்தம் கண்டார். படியைப் பார்த்துப் படியெழுதுந்தோறும் பிழை பெருகுமன்றோ? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது, வேறு படியில்லாத ஏடுகள் ஒழிந்தே போயின. இவ்விரண்டையும் நினைத்தே சொல்லுகிறேன்.

ஒலிக்காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் வகுத்த விதி, குறைந்தது 24 பிட், வினாடிக்கு 48,000 அளவைகள் என்பது. அப்படிப் பதிந்தால் ஒரு மணி நேரக் கசற்று ஒரு கிகாபைட்டுக்குச் சிறிது மேல். நாற்பதும் 64 கிகாபைட் கொண்ட விரலளவு கருவி ஒன்றில் அடங்கும். இடமில்லை என்னும் வாதம் இங்கே நில்லாது. அன்பர்கள் கைத்தொலைபேசியிற் கேட்பதற்கு இம் மூலத்திலிருந்து எம்.பி.3 எடுத்துக் கொடுப்போம். அதற்கு நான் பகைவன் அல்லேன். மூலத்துக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். கசற்றுக்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும். நாம் பதிந்தது பிழையாயின் மீண்டும் பதியலாம்.

ரேப் றெக்கோடர் ஒன்றை என் மாமா தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதன் தலையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தபின்பே கசற்றைப் போட வேண்டும். வரும் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இம் மண்டபத்திலே தொடங்குவோம். அலுமாரித் திறப்பைச் செயலாளர் அவர்கள் மறவாது கொண்டுவர வேண்டுகிறேன்.